தானாக உருகாத ஐஸ்

தம்பி,

நாங்கள் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாம் என்றால், நான் பேச்சை எடுத்ததுமே "அப்பறம் பேசுறேம்பா, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் முழுக்க இதே கதைதான். அதனால் கடைக்குப் போய்க் கோடு போட்ட தாள் வாங்கி வந்தேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் இவ்வளவு எழுதியதில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி. போனை வைப்பது போல இதையும் பாதியில் வைத்துவிடாதே.

முதலில் உன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் வம்சத்தில் ஜீப் வாங்கியவனே நீ ஒருவன்தான். அதிலும் கனடா மாதிரி பனி கொட்டுகிற ஊரில் போய்த் துணிக்கூரை போட்ட ஜீப் வாங்கியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். வெயில் காலத்தில் கூரையை மடித்துவிட்டு, நீயும் மருமகளும் பாப்பாவும் தலைமுடி பறக்கப் போகிற வீடியோவை நீ அனுப்பியபோது, அதை ஐஸ் கம்பெனியில் இருக்கிற ஆள் ஒருவர் விடாமல் காட்டினேன். இந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் லோடு வண்டியில், ஐஸுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, மணமேல்குடியிலிருந்து ஜெகதாப்பட்டினம் வரைக்கும் வருவாய். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே வருவாய். இறங்கும்போது உதடு நீலம் பாரித்திருக்கும், உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள். பெரியவனானதும் மேலே துணி போட்ட வண்டிதான் வாங்குவேன் என்று அப்போதே சொன்னாய். வாங்கிவிட்டாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். இப்போதும் அந்த வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். ஐஸ் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மெஷினில் ஐஸ் பார்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நீ பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றேன். நீ போனைத் திருப்பி வண்டியைக் காட்டினாய். கூரை முழுக்க ஒரே பாளமாக வெள்ளை.

"அப்பா, பாருங்க, நம்ம ஐஸ் கம்பெனியே என் வண்டி மேல ஏறி உக்காந்திருக்கு" என்றாய்.

"என்னடா இம்புட்டுக் கனமா இருக்கு?"

"நேத்து மழையும் பனியுமா பேஞ்சு அப்படியே இறுகிருச்சுப்பா. தட்டிப் பாத்தேன், துணி கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு. பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி வேற இந்தக் குளுருல தொட்டா வெடிச்சிரும்ங்கிறாங்க. வேலைக்கும் நேரமாச்சு."

"விடுடா. போற போக்குல தானா உருகிரும்."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். முன்கண்ணாடியில் மட்டும் பார்ப்பதற்கு வேண்டிய அளவு சுரண்டிவிட்டு நீ வண்டியை எடுத்தாய். நான் டீ குடிக்கப் போனேன். நாம் பேசியது அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் உன்னையும் என்னையும் தவிர யாரும் இல்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பிழைப்பு முழுவதும் ஐஸ் உருகாமல் பார்த்துக்கொள்கிற பிழைப்பு. உடைத்த ஐஸை வண்டியில் கொட்டி, மேலே ஈரச் சாக்கைப் பரப்பி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, படகு கரைக்கு வருவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்கதவு இடுக்கில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தாலே வண்டியை விரட்டுவேன். வழியில் டயர் பஞ்சரானால் ஐஸுக்குத்தான் முதலில் பதறுவேன். "ஐஸு கொண்டாரச் சொன்னா தண்ணி கொண்டாந்திருக்கியேப்பா" என்று மீன்காரர்கள் கிண்டல் செய்யாத சித்திரை வைகாசி கிடையாது. எனக்குத் தெரிந்த ஐஸ் என்பது, கொஞ்சம் அசந்தால் காணாமல் போய்விடுகிற சாமான். உருகாமல் அப்படியே நிற்கிற ஐஸை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவும் இல்லை. நம் ஊர் வெயிலை மனதில் வைத்துக்கொண்டு உன் ஊர்க் குளிருக்கு யோசனை சொல்லிவிட்டேன்.

அது எப்படி நடந்தது என்று மருமகள்தான் பிறகு எனக்கு விளக்கினாள். வண்டிக்குள் ஹீட்டர் ஓடியதில் கூரைத் துணி சூடாகி, பாளத்தின் அடிப்பக்கம் மட்டும் லேசாக இளகிவிட்டது. மேலே அப்படியே பாறை. பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் காற்று அடியில் புகுந்து, அதைக் கதவுப் பலகை மாதிரி முழுசாகத் தூக்கிவிட்டது. பின்னால் வந்த காரின் கண்ணாடியில் போய் விழுந்தது. அதை ஓட்டி வந்த அம்மா தடுமாறி, கார் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் உருண்டது. காற்று அடியில் புகுந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா தம்பி? கட்டு தளர்ந்த தார்ப்பாய் எப்படி எழும்பும் என்பதை நீ பால்குடி மறப்பதற்கு முன்பிருந்தே பார்த்து வருகிறவன் நான். உருகிவிடும் என்ற நினைப்பில் காற்றை மறந்துவிட்டேன்.

அன்றைக்கு நீ ஓடிப்போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்தப் பனியில் மண்டிபோட்டு இருந்திருக்கிறாய். உன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டிருக்கிறாய். அதைக் கேட்டபோது, பிள்ளையை ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று நினைத்தேன். பிறகு எனக்குப் போன் செய்து, என்ன நடந்தது என்று சொல்லக்கூட முடியாமல் அழுதாய். "அப்பா, அது உருகலப்பா. உருகவே இல்லப்பா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு நீ சொன்னது முழுக்க உண்மை.

அடுத்த நாள் போலீசிடம் நீ சொன்னது வேறு. காலையிலேயே கூரையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன், பனி எங்கிருந்து விழுந்தது என்று தெரியாது, அவர் என் வண்டியை மிகவும் ஒட்டி வந்தார் என்று சொல்லியிருக்கிறாய். உன்னோடு வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படிச் சொல்லச் சொன்னானாம். இதை மருமகள் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை, அவளைத் திட்டாதே. பாப்பாவைக் காட்டத்தான் கூப்பிட்டாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, அன்னைக்கி கூரையில அப்படியே பாளமா இருந்துச்சு, நான் ஜன்னல் வழியா பாத்தேன். இப்ப எல்லாரும் அந்தம்மா மேலதான் தப்புங்கிற மாதிரி பேசுறாக. அந்தம்மா முதியோர் இல்லத்துல சமைக்கிறவுகளாம். இனிமே எந்திரிச்சு நடப்பாகளான்னு டாக்டருக்கே தெரியலயாம். இவுக சரியா சாப்புடவும் மாட்டேங்கிறாக மாமா" என்றாள். நீ சாப்பிடுவதில்லை என்று கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் நம்பிக்கையாகவும் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் அம்மாவின் இடது கண் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். நீயும் அந்த வண்டியில் இருந்தாய். ஆனால் அப்போது நீ மூன்றாம் வகுப்பு. உனக்கு நினைவிருப்பது எவ்வளவு, பிறகு நாங்கள் சொல்லிக் கேட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். குளத்தூரில் உன் தாய்மாமன் வீட்டு விசேஷத்துக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். நீ முன்னால் பெட்ரோல் டேங்க் மேல், உன் அம்மா பின்னால். நார்த்தாமலையைத் தாண்டியதும் முன்னால் ஒரு ஜல்லி டிப்பர். தலைக்கு மேல் குவித்து ஏற்றியிருந்தான். மேலே தார்ப்பாய் இல்லை. லோடு வண்டிக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். இவனுக்குப் பின்னால் போகக்கூடாது என்று நான் நன்றாகத்தான் இடைவெளி விட்டுப் போனேன். ஒரு வேகத்தடையில் அவன் வண்டி தூக்கிப் போட்டது. கல் ஒன்று எகிறி வந்தது. நான் உன்னை அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அது என் தோளுக்கு மேலே போய்விட்டது. எனக்குப் பின்னால் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்த நொடியில் எனக்கு நினைவில் இல்லை தம்பி. அவள் "அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்த கை மட்டும் விட்டுப்போனது.

டிப்பர்காரனை அடுத்த ஊர் டீக்கடையில் மடக்கிப் பிடித்தார்கள். கேஸ் நடந்தது. புதுக்கோட்டை கோர்ட்டுக்கு எங்களோடு நீயும் வந்தாய், வீட்டில் விட ஆள் இல்லை. கூண்டில் ஏறி நின்று அவன் கூசாமல் சொன்னான்: "அய்யா, தார்ப்பா போட்டுத்தான்யா வந்தேன். அவுகதான் வண்டிய ஒட்டி வந்தாக." ஒரு கண்ணில் கட்டோடு உன் அம்மா அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. எங்களைத் தவிர சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. அவனை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தாய். அறந்தாங்கி தாண்டியதும் கேட்டாய்: "ஏம்ப்பா, பொய் சொல்றோம்னு அந்தாளுக்கே தெரியுமுல்ல?"

"தெரியும்" என்றேன்.

"அப்பறம் எப்படிப்பா வீட்டுல போயி சோறு திம்பாரு?"

உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இப்போது நீ சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொன்னதும் எனக்கு அந்தப் பஸ்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட பையன் இன்னும் உனக்குள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிப்பர்காரன் கெட்டவன் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெகுகாலம் ஆனது. லைசென்ஸ் போய்விடும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்று பயந்துபோய்ச் சொன்ன பொய் அது. பின்னாளில் அறந்தாங்கியில் ஒரு கடையில் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ஆனால் அவன் பயந்து சொன்ன அந்த ஒரு வார்த்தை எங்களை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியாது. "நீ எதுக்கு ஒட்டிப் போன?" என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒட்டித்தான் போனேனோ, இடைவெளி விட்டதாக நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். உன் அம்மாவோ, "நாந்தான் சீக்கிரம் போகணும்னு அவசரப்படுத்தினேன்" என்று தன்னையே சொல்லிக்கொள்வாள். கண் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தன் மேல்தான் தப்போ என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா, காலை அசைக்க முடியாமல் படுத்துக்கொண்டு, நாம்தான் ஒட்டிப் போய்விட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒட்டி வரவில்லை என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான்.

போலீஸ் எடுத்துப்போன வண்டி உன் கைக்குத் திரும்பி வந்துவிட்டதாம். பாப்பாவை அதில்தான் காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறாயாம். குளிர்காலம் இன்னும் பாதி கிடக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன், இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மருமகள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுச் சொன்னாள், துணி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டேன். பனி பெய்யும் என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலமே கூரைக்கு மேல் ஒரு தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடு. காலையில் அதை ஐஸோடு சேர்த்துக் கீழே உருவிப் போட்டுவிடலாம். அது இல்லாவிட்டால் அரை மணி நேரம் முன்னால் எழுந்திரு. புகைக்குழாயை மூடியிருக்கிற பனியை முதலில் தள்ளிவிட்டு, பிறகு இன்ஜினைப் போடு. கூரை சுத்தமாகிற வரைக்கும் பாப்பா வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஓடுகிற வண்டிக்குள் அடைத்து வைக்காதே. ஹீட்டரில் துணி கொஞ்சம் சூடாகட்டும். அடிப்பக்கம் இளகியதும் உள்ளேயிருந்து உள்ளங்கையால் மெதுவாக மேலே தள்ளு, பாளம் விரிசல் விடும். கம்பிச் சட்டம் ஓடுகிற இடத்தில் மட்டும் தள்ளாதே, தட்டவும் தட்டாதே. துணி எப்போதும் அந்த இடத்தில்தான் கிழியும், என் தார்ப்பாய்கள் எல்லாம் அப்படித்தான் போயின. பிறகு வெளியே வந்து, மெத்தென்ற பிரஷ்ஷால் நடுவிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிடு. கண்ணாடி சுரண்டுகிற கட்டையைத் துணி மேல் வைக்காதே.

வெந்நீரை ஊற்றிவிடலாம் என்று நம் ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும். ஊற்றாதே. தண்ணீர் தையல் வழியாக இறங்கி, ஜிப்புக்குள்ளும் கதவு இடுக்குக்குள்ளும் போய் மறுபடி உறைந்துவிடும், கதவையே திறக்க முடியாது. உப்பும் போடாதே, நூல் மக்கிவிடும், கம்பி துருப்பிடிக்கும். பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியை அந்தக் குளிரில் மடக்கவோ சுருட்டவோ கூடாது. ஈரம் காயாமல் கூரையை மடித்து வைக்காதே. இவ்வளவும் செய்து நேரமாகிவிட்டதா, வேலை பார்க்கிற இடத்துக்குப் போன் போட்டு லேட்டாகும் என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். கடைசியாக ஒன்று. நான் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்ப்பேன், நீ பார்த்திருக்கிறாய். "என்னப்பா, கோயிலா, சுத்தி சுத்தி வாரீங்க?" என்று கேலிகூடச் செய்வாய். நீயும் அப்படிச் சுற்று. சுற்றி வந்து பின்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு உன் வண்டி எப்படித் தெரியும் என்று பார். அன்றைக்கு நீ சுற்றி வரவில்லை. சுற்றி வாடா என்று சொல்ல வேண்டிய நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லைசென்ஸ் போகலாம். வேலை போகலாம். அந்த ஊரில் இருக்க விடுவார்களா என்பதே சந்தேகமாகலாம். ஒன்றும் ஆகாது, தைரியமாகச் சொல் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். போன முறை "விடுடா" என்று நான் சொன்னதே போதும். இங்கே வர வேண்டியிருந்தால் வா. உனக்குப் படுக்க இடம் இருக்கிறது, சாப்பிடச் சோறு இருக்கிறது. மருமகளும் பாப்பாவும் இந்த வெயிலுக்குக் கொஞ்சம் கஷ்டப்படுவார்கள், அவ்வளவுதான். கோர்ட்டில் கேட்டால், எங்கள் அப்பா தானாக உருகிவிடும் என்று சொன்னார் என்றும் சொல். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று யார் கேட்டாலும் நானும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. நான் ஐஸைப் பார்த்தது போனில். நீ பார்த்தது கண்ணில். ஸ்டியரிங்கும் உன் கையில்தான் இருந்தது.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. ஆக்சிடென்ட் என்று தெரியும், கேஸ் நடக்கிறது என்று தெரியும். நீ போலீசிடம் என்ன சொன்னாயோ அதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. தினமும் விளக்கு வைக்கும்போது அந்தம்மாவுக்காகவும் வேண்டிக்கொள்கிறாள். முந்தாநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டுவிட்டாள். அதற்கு இவள் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். "எம்புள்ள வண்டியத் தொடைக்காம எடுக்க மாட்டான். அவன் சின்னப்புள்ளையிலயே எங்கண்ணு போனதைப் பாத்தவன்டி. அவன் என்ன அந்த டிப்பர்காரன் மாதிரியா?" என்றாள். எனக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நானே அவளிடம் சொல்லியிருக்கலாம். பல முறை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டால், பிறகு நீ சொல்வதற்கு எதுவுமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வழக்கம் போலக் கூப்பிடு. இங்கே அப்போது சாயங்காலம்; போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். பக்கத்தில் நின்று கேட்க மாட்டேன். அவள் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். பாப்பாவைக் கேட்பாள். பிறகு, உன் வாயால் ஒரு தடவை கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்று இத்தனை நாளாக அடக்கி வைத்திருக்கிற கேள்வியைக் கேட்பாள். "தம்பி, அன்னைக்கி வண்டியத் தொடைச்சுட்டுத்தானே எடுத்த?"

இல்லை என்று நீ சொன்னால் அவள் அழுவாள். எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருப்பாளோ, தெரியாது. ஆனாலும் அவள் உன் அம்மா. என்றைக்காவது பேசிவிடுவாள். நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் அவள் நம்பிவிடுவாள் தம்பி.

அப்பா